ஜலஜ் சக்சேனாவை இந்தியா தவறவிட்டதா, அல்லது அவருக்குக் கிடைத்த இடமே சரியா?

பாலஸ்டியர் சுழல்:
நேற்று இங்கே சிங்கப்பூரில், பாலஸ்டியர் சாலையில் ஆட்டம் முடிந்து கிட் பையைக் கட்டும்போது தொடங்கிய வாக்குவாதம் இது. நொவீனா எம்ஆர்டி வரை நடந்தும் முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜலஜ் சக்சேனா இந்தூர்க்காரர், 1986-ல் பிறந்தவர். 2005-06 சீசனில் மத்தியப் பிரதேசத்துக்கு ஆடத் தொடங்கி, 2016-17-ல் கேரளாவுக்கு வந்தார். தொடக்க வீரராகவும் இறங்குவார், நாள் முழுக்க ஆஃப் ஸ்பின்னும் போடுவார். இந்திய மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் 6000 ரன், 400 விக்கெட் இரண்டையும் தொட்ட முதல் ஆள் அவர்தான். 400-வது விக்கெட் 2024 நவம்பரில் தும்பாவில், உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக விழுந்தது. போட்டி தொடங்கியது 1934-ல். 90 வருஷத்தில் யாரும் செய்யாததைச் செய்தவருக்கு ஒரு டெஸ்ட் கிடையாது, ஒருநாள் ஆட்டம் கிடையாது, டி20-யும் கிடையாது. ஐபிஎல்லில்கூட ஒரே ஒரு ஆட்டம்தான்.

என்னைப் பொறுத்தவரை இது அநியாயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

சேப்பாக்கம் டு செங்காங்:
காரணத்தோடே சொல்கிறேன் அண்ணே. அவர் பந்து போட்ட காலம் எது என்று பாருங்கள். 2011 நவம்பரில் அஸ்வின் டெஸ்டுக்கு வந்தார். அவரும் ஆஃப் ஸ்பின், அவரும் பேட் பிடிப்பவர். 2024 டிசம்பரில் ஓய்வு பெறும்போது 537 விக்கெட், 6 சதம். அஸ்வின் வந்த அடுத்த வருஷம் ஜடேஜா வந்தார். சுழல் போடும் ஆல்ரவுண்டருக்கு அணியில் இரண்டு இடம் இருந்தது, இரண்டிலும் இந்தியா கண்ட மிகச் சிறந்தவர்களில் இருவர் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் நின்றவருக்கு முறை வரவில்லை. வருத்தம்தான், ஆனால் அதற்கு அநியாயம் என்று பெயர் வைக்க முடியாது.

பாலஸ்டியர் சுழல்:
வரிசை ஒழுங்காக நகர்ந்திருந்தால் நானும் வாயைத் திறக்க மாட்டேன் தம்பி. 2016-ல் இங்கிலாந்து வந்தபோது மூன்றாவது ஸ்பின்னர் தேவைப்பட்டார். ஆஃப் ஸ்பின் போட்டு பேட்டும் செய்யும் ஜெயந்த் யாதவை எடுத்தார்கள். அவர் வான்கடேயில் சதமே அடித்தார், குறை சொல்லவில்லை. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அஸ்வினும் ஜடேஜாவும் காயத்தால் இல்லாதபோது இறங்கியது நம்ம வாஷிங்டன் சுந்தர். அதற்கு முன் அவர் முதல்தர ஆட்டம், அதாவது பல நாள் நடக்கும் சிவப்புப் பந்து ஆட்டம், ஆடியது 2017-ல். மூன்று வருஷம் சிவப்புப் பந்து ஆட்டமே ஆடாதவருக்கு இடம் கிடைக்கிறது, வருஷா வருஷம் அதையே ஆடியவருக்கு இல்லை. இதில் வரிசை எங்கே இருக்கிறது?

சேப்பாக்கம் டு செங்காங்:
அந்த வாஷிங்டன் பிரிஸ்பேனில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 62 ரன், ஷர்துல் தாக்கூரோடு 123 ரன் கூட்டு, முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். வயசு 21. தேர்வாளர்கள் ரன் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் துள்ளி வரும் பந்தை இவர் நின்று ஆடுவாரா, இவருடைய பந்தை ஸ்மித்தும் வார்னரும் எப்படி ஆடுவார்கள் என்று பார்க்கிறார்கள். சக்சேனாவின் விக்கெட்டுகளில் நிறைய கேரளாவின் சொந்த மண்ணில் எடுத்தவை. உள்ளூரில் விழும் விக்கெட் எல்லாம் வெளியூரில் விழாது.

உட்லண்ட்ஸ் ஸ்கோரர்:
இரண்டு பேருக்கும் வணக்கம். ஞாயிறு லீக்கில் ஸ்கோர் எழுதுபவள் நான், ஸ்கோர் அட்டை வழியாகவே பேசுகிறேன்.

"சொந்த மண்" என்ற வாதத்துக்குப் பதில் 2025 பிப்ரவரியில் அகமதாபாத்தில் நடந்த அரையிறுதி. கேரளா 457, குஜராத் 455. இரண்டு அணியும் 450-ஐத் தாண்டிய ஆடுகளம், வெளியூர். அந்த 455-க்குள் சக்சேனாவுக்கு நாலு விக்கெட், ஆதித்ய சர்வடேவுக்கு நாலு விக்கெட். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அங்கே காலை ஒன்பதரை என்றால் நமக்கு மதியம் பன்னிரண்டு. காப்பிக்கடையில் சாப்பாட்டைத் தொடாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குஜராத்தின் கடைசி ஆள் ஓங்கி அடித்த பந்து அருகில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு மேலே எழும்பியது, ஸ்லிப்பில் சச்சின் பேபி பிடித்தார். ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணிக்குத்தான் வெற்றி. அந்த இரண்டு ரன் முன்னிலையில் கேரளா முதல் முறையாக ரஞ்சி இறுதிக்குப் போனது.

அந்த ஒரு பந்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய நாட்களில் ஓவர் ஓவராக ஒரு முனையைக் கட்டிப்போட்டு, ரன் கொடுக்காமல் இழுத்தவரை யாரும் பேசுவதில்லை. அவர் அப்படி இழுத்திருக்காவிட்டால் அந்த ஹெல்மெட் நேரத்தில் வித்தியாசம் இரண்டு ரன்னாக இருந்திருக்காது. ஸ்கோர் எழுதும்போதுதான் இது தெரியும். ரன்னே கொடுக்காத மெய்டன் ஓவருக்கு யாரும் கை தட்டுவதில்லை.

கல்லாங் பெவிலியன்:
சேப்பாக்கம் தம்பிக்கு ஒரு பழைய கதை. 1934 நவம்பர் 4, ரஞ்சியின் முதல் ஆட்டம், உங்கள் சேப்பாக்கத்திலேயே. சென்னை அணி மைசூரை ஒரே நாளில் வென்றது. ஏ.ஜி. ராம் சிங் முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு ஆறு விக்கெட், இரண்டாவதில் 16 ரன்னுக்கு ஐந்து விக்கெட். ரஞ்சியில் 1000 ரன், 100 விக்கெட் முதலில் எடுத்ததும் அவரே. அவருடைய பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள், அப்பாவுக்கு ஒன்றுகூட இல்லை. ஆக முதல் 1000-100 காரருக்கும் டெஸ்ட் இல்லை, முதல் 6000-400 காரருக்கும் இல்லை. உள்நாட்டு ஆல்ரவுண்டரை நாம் நடத்தும் விதம் 90 வருஷமாக இதுதான்.

சேப்பாக்கம் டு செங்காங்:
ஐயா, ராம் சிங்குக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. 1932 முதல் போருக்கு முன் வரை இந்தியா ஆடியது மொத்தம் ஏழே டெஸ்ட். அவருக்குக் கதவே இல்லை. சக்சேனா காலத்தில் இந்தியா நூற்றுக்கும் மேல் டெஸ்ட் ஆடியது. கதவு திறந்திருந்தது, அவரைவிட நல்லவர்கள் உள்ளே போனார்கள்.

பாலஸ்டியர் சுழல்:
சரி, இந்திய அணியை விடுங்கள். அஸ்வின், ஜடேஜா இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். கீழே ஒரு படி இறங்குவோம்.

2022-23 ரஞ்சியில் அதிக விக்கெட் எடுத்தவர் சக்சேனா. ஏழு ஆட்டம், 50 விக்கெட். அடுத்து வந்த, மண்டல அணிகள் மோதும் துலீப் கோப்பைக்கு தென்மண்டல அணியை அறிவித்தார்கள், அதில் அவர் பெயர் இல்லை. ரஞ்சியில் முதலிடம் பிடித்தவருக்கு துலீப்பில் இடம் இல்லாமல் போனது இதற்கு முன் எப்போதாவது நடந்திருக்கிறதா என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார். அங்கே அஸ்வினும் இல்லை, ஜடேஜாவும் இல்லை. இதற்கு உங்கள் வரிசை என்ன பதில் சொல்லும்?

சேப்பாக்கம் டு செங்காங்:
அந்த அணியில் வாஷிங்டனும் சாய் கிஷோரும் இருந்தார்கள். அந்த துலீப்பை வென்றதும் தென்மண்டலம்தான். 36 வயசுக்காரரைவிட நாளைக்கு இந்தியாவுக்கு ஆடப்போகிறவரை வளர்ப்பது தப்பா?

உட்லண்ட்ஸ் ஸ்கோரர்:
வளர்ப்பது தப்பில்லை. ஆனால் 15 பேர் அணியில் அவருக்கு ஒரு இடம் கொடுத்தால் வாஷிங்டனின் வளர்ச்சி எப்படித் தடைபடும்? 50 விக்கெட் எடுத்த பிறகும் வயசுதான் கணக்கு என்றால், ரஞ்சி ஆடுகிற 30 வயசுக்காரர் ஒவ்வொருவருக்கும் இனி எதற்கு ஓடுகிறாய் என்று சொன்னதாகிறது. ரஞ்சி ஆட்டம் நாற்பதுக்கு மேல் ஆடியவருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் சம்பளம் உண்டு, பசி இல்லை, உண்மை. ஆனால் சம்பளத்துக்காக மட்டும் யாரும் 36 வயசில் ஒரு நாளைக்கு முப்பது ஓவர் போட மாட்டார்கள்.

இங்கே சிங்கப்பூரில் இருந்து பார்க்கும்போது எனக்கு இன்னும் உறைக்கிறது. இங்கே பிறந்த டிம் டேவிட் சிங்கப்பூருக்கு 14 டி20 ஆடினார், உலகெங்கும் டி20 லீக்குகள் அவரைக் கண்டுபிடித்தன, பிறகு ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார். அவர் திறமைக்கு அது தகும். சிக்ஸர் அடிப்பவரைத் தேடிக் கண்டுபிடிக்க இன்று பத்து லீக் இருக்கிறது. நாலு நாள் ஆட்டத்தில் பந்து போட்டுவிட்டு பேட்டும் செய்பவரைப் பார்க்க இருப்பது அந்த ஒரு ஏணிதான், ரஞ்சி, துலீப், பிறகு இந்தியாவின் இரண்டாம் நிலை அணியான இந்தியா ஏ. அதிலும் ஒரு படியை உருவிவிட்டால் அவர் எங்கே போவார்?

சேப்பாக்கம் டு செங்காங்:
துலீப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி அக்கா. அந்த 15-ல் அவர் இருந்திருக்க வேண்டும். இந்தியத் தொப்பி பற்றி என் கருத்து மாறவில்லை. அஸ்வின் இருந்த அணியில் நான் தேர்வாளராக இருந்தாலும் அஸ்வினைத்தான் எடுத்திருப்பேன்.

கல்லாங் பெவிலியன்:
நானும்தான் தம்பி. என் வருத்தம் வேறு. அவர் விட்டுப்போன மத்தியப் பிரதேசம் 2021-22-ல் முதல் முறையாக ரஞ்சி வென்றது. அவர் போய்ச் சேர்ந்த கேரளா, நாக்பூர் இறுதியில் விதர்பாவிடம் முதல் இன்னிங்ஸில் 37 ரன் பின்தங்கிக் கோப்பையை விட்டது. இரண்டு ஊருக்கும் உழைத்தவர் கையில் கோப்பை இல்லை.

பாலஸ்டியர் சுழல்:
இப்போது மூன்றாவது ஊர் ஐயா. 2025-26 சீசனுக்கு மகாராஷ்டிரா போய்விட்டார்.

உட்லண்ட்ஸ் ஸ்கோரர்:
ஆமாம், மகாராஷ்டிராவுக்கு அவருடைய முதல் ரஞ்சி ஆட்டமே கேரளாவுக்கு எதிராக, அதுவும் திருவனந்தபுரத்தில். முதல் மூன்று விக்கெட் போகும்போது ஸ்கோர் பூஜ்யம். பிறகு 18 ரன்னுக்கு ஐந்து விக்கெட். 38 வயசில் இறங்கி, ருதுராஜ் கெய்க்வாடோடு நின்று 49 அடித்தார். ஸ்கோர் அட்டையைச் சேமித்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு எடுத்து வருகிறேன்.