மூன்று இடத்தில் விண்ணப்பித்தும் நிதி கிடைக்கவில்லை, எங்கே தவறுகிறோம்? (பெரும்பாக்கம், மாலை வகுப்பு + சுகாதாரம்)

மாலைவகுப்பு_பெரும்பாக்கம்

வணக்கம். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்துகிறோம். நாங்கள் ஆறு பேர், நான்கு பேர் இங்கேயே குடியிருப்பவர்கள். 2019இல் ஒரு வீட்டு வராந்தாவில் 12 பிள்ளைகளோடு ஆரம்பித்தது, இப்போது 41 பேர் வருகிறார்கள். டிரஸ்டாகப் பதிவு செய்து 12ஏபி (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) இரண்டும் தற்காலிகமாக வாங்கியாகிவிட்டது, சிஎஸ்ஆர்-1 எண்ணும் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வாங்கத் தேவையான பதிவு) இருக்கிறது.

ஒன்றரை வருடத்தில் மூன்று இடங்களில் விண்ணப்பித்தோம், இரண்டு கம்பெனி, ஒரு தனியார் அறக்கட்டளை. ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை. ஒன்று "எங்கள் முன்னுரிமைகளோடு பொருந்தவில்லை" என்று ஒரே வரி. மூன்றாவது இடத்தில் மட்டும் போனில் பேசினார்கள், "தேவை தெளிவாக இல்லை, பலன் அளக்கும்படி இல்லை" என்றார்கள். தேவை தெளிவாக இல்லை என்ற வார்த்தைதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து இங்கே மாற்றப்பட்ட குடும்பங்கள் இவை. கல்வியாண்டு நடுவில் வந்த பிள்ளைகள் கொஞ்ச நாள் இரண்டு பஸ் மாறிப் பழைய பள்ளிக்கே போய்ப் பார்த்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். எட்டாவது ஒன்பதாவதில் நின்ற பெண் பிள்ளைகள் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் தெரிந்த டாக்டர் அக்கா ஒருவர் வந்து ரத்தம் பார்த்தார். 13 வயதுப் பெண் ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 7.8. அவள் அம்மா "அவ எப்பவும் சோர்ந்துதான் கிடப்பா" என்றார், அவ்வளவுதான்.

நாங்கள் கேட்டது வருடத்துக்கு 18 லட்சம். கல்வி, சுகாதாரம், பெண்களுக்குத் தையல், மரம் நடுதல் எல்லாம் சேர்த்து 14 பக்கம். நிர்வாகச் செலவு பூஜ்யம் என்று போட்டோம். வேறு என்ன செய்ய வேண்டும்?

வடசென்னை_டீச்சர்

தம்பி, விண்ணப்பம் அப்புறம். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்களா? 8க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையில் தீர்கிற விஷயம் இல்லை, டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

மாலைவகுப்பு_பெரும்பாக்கம்

கூட்டிப் போனோம் அக்கா. சிகிச்சை நடக்கிறது, இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய_சிஎஸ்ஆர்

ஒன்பது வருடம் ஒரு கம்பெனியில் சிஎஸ்ஆர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். கம்பெனிகளுக்கு எந்த மாதம் அனுப்பினீர்கள்?

மாலைவகுப்பு_பெரும்பாக்கம்

ஒன்று ஜூலை, ஒன்று செப்டம்பர்.

பழைய_சிஎஸ்ஆர்

நினைத்தேன். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சிஎஸ்ஆர் எனும் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கு. அந்த வருடம் எதற்கு எவ்வளவு என்ற திட்டத்தைக் கம்பெனியின் சிஎஸ்ஆர் குழு தயாரித்து இயக்குநர் குழு ஒப்புதல் தந்துவிட்டால், நடுவில் வருகிற புது ஆளுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஜனவரியில் போய் முகம் காட்டுங்கள், பிப்ரவரியில் மனு கையில் இருக்கட்டும். செலவாகாமல் மீந்த பணத்துக்கு ஆள் தேடுவதும் அந்த நேரத்தில்தான். அதற்காக மார்ச் 25ஆம் தேதி திடீரென்று பெரிய தொகை வருகிறது என்றால் வாங்கிவிட்டு விழிக்காதீர்கள், நடப்புத் திட்டமாக அடுத்த வருடங்களுக்கும் தொடர வழி உண்டா என்று அப்போதே கேளுங்கள். தொடங்கிய வருடம் போக மூன்று வருடம் வரை சட்டம் இடம் தருகிறது.

இன்னொன்று, தனியார் அறக்கட்டளைகளுக்கு இந்த 2 சதவீதக் கட்டாயம் கிடையாது. டாடா டிரஸ்ட்ஸ், அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை போன்றவர்கள் தங்கள் சொந்த நிதியிலிருந்து தருகிறவர்கள், அவர்களுக்கு மார்ச் அவசரமும் இல்லை. கம்பெனிக்கு எழுதிய மனுவை அப்படியே பெயரை மாற்றி அங்கே அனுப்பினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மனு_படிக்கிறவர்

நிதி கேட்டு வருகிற மனுக்களைப் படித்து மதிப்பிடுவது என் வேலை. உங்கள் மனுவின் முதல் பத்தியை இங்கே அப்படியே ஒட்டுங்கள், பார்க்கலாம்.

மாலைவகுப்பு_பெரும்பாக்கம்

"கல்வியும் ஆரோக்கியமும் ஒவ்வொரு குழந்தையின் அடிப்படை உரிமை. இருப்பினும் தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ளதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. இந்நிலையை மாற்றி முழுமையான சமூக மேம்பாட்டை உருவாக்குவதே எமது நோக்கம்."

மனு_படிக்கிறவர்

சரி. இதில் பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? இந்தப் பத்தியை அண்ணா நகரிலிருந்தும் அனுப்பலாம், திருநெல்வேலியிலிருந்தும் அனுப்பலாம். அந்த ஆய்வின் கணக்கு மாவட்டம் வரைக்கும்தான் இறங்கும். பழைய மாமல்லபுரம் சாலை ஓரத்து அபார்ட்மெண்ட்காரர்களும் உங்கள் பிளாக்காரர்களும் ஒரே சராசரிக்குள் வந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுச் சராசரி நன்றாக இருக்கும் விஷயங்களில் உங்கள் தெருவின் பள்ளம் அதில் மறைந்தே போகும். ஏற்றத்தாழ்வைக் குறைக்கப் பணம் கேட்கிறீர்கள், ஆனால் ஏற்றத்தாழ்வை மனுவில் காட்டவே இல்லை. போனில் "தேவை தெளிவாக இல்லை" என்று சொன்னவர் உங்கள் வேலையைக் குறைத்துப் பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன், காகிதத்தில் அவருக்கு அது தெரியவில்லை.

நீங்களே எண்ணுங்கள். மூன்று பிளாக் போதும், வீடு வீடாக ஏறி இறங்குங்கள். 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், யார் பள்ளிக்குப் போகிறார்கள், நின்றவர் எந்த வகுப்பில் நின்றார், ஏன் நின்றார், கடைசியாக ரத்தம் பார்த்தது எப்போது. இந்த ஐந்து கேள்விக்கு மேல் கேட்காதீர்கள், சமைத்துக்கொண்டே பதில் சொல்கிற அம்மாவுக்கு அதற்கு மேல் பொறுமை இருக்காது. பெயர், போட்டோ எதுவும் மனுவில் போக வேண்டாம். முக்கியமாக அந்த 13 வயதுப் பெண்ணின் கதையைப் படத்தோடு போட்டுவிடாதீர்கள். அவள் அதே பிளாக்கில் வளர வேண்டியவள்.

அப்புறம் தையல், மரம் இரண்டையும் எடுத்துவிடுங்கள். நாற்பது பிள்ளைகளை ஐந்தாறு வருடமாக விடாமல் வைத்திருப்பது பெரிய விஷயம், அதுதான் உங்கள் பலம். அதை நான்காகப் பிரித்து நீங்களே நீர்த்துப்போக வைத்துவிட்டீர்கள். வருகைப் பதிவேடு இருக்கிறதா?

மாலைவகுப்பு_பெரும்பாக்கம்

இருக்கிறது. முதல் நாளிலிருந்து நோட்டில் எழுதுகிறோம், ஏழு நோட்டு சேர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் மழையில் நனைந்து பாதி அழிந்துவிட்டது. அதை யாரும் கேட்பார்கள் என்றே நினைக்கவில்லை.

மனு_படிக்கிறவர்

14 பக்கத்தைவிட அந்த ஏழு நோட்டுக்கு மதிப்பு அதிகம். இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், நனைந்ததையும் சேர்த்து.

கணக்கர்_மதுரை

பேப்பர் வேலை பற்றி நான் சொல்கிறேன், இங்கேதான் நிறைய சின்ன டிரஸ்டுகள் மாட்டிக்கொள்கின்றன. உங்களுடையது தற்காலிகப் பதிவு, மூன்று வருடம்தான் செல்லும். அது முடிய ஆறு மாதம் முன்பு அல்லது செயல்பாடு தொடங்கி ஆறு மாதத்துக்குள், எது முந்தியோ அதற்குள் படிவம் 10ஏபி போட்டு முறையான பதிவுக்குப் போக வேண்டும். நீங்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்கள், ஆகவே இந்த வாரமே உங்கள் ஆடிட்டரிடம் தேதியைக் கேளுங்கள். 80ஜி போனால் கம்பெனிப் பணம் வாங்கும் தகுதியும் போய்விடும்.

கம்பெனி தானே தொடங்காத டிரஸ்டுக்கு அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் வேண்டும் என்பது விதி. வருடா வருடம் தணிக்கை செய்த கணக்கை இணையுங்கள், 8000 ரூபாய் செலவான வருடமாக இருந்தாலும் பரவாயில்லை. நன்கொடை விவரம் படிவம் 10பிடி மே 31க்குள் போக வேண்டும், தவறினால் நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறும்.

நிர்வாகச் செலவு பூஜ்யம் என்று எழுதியது தவறு. சிஎஸ்ஆர் விதியில் வரும் 5 சதவீத வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு, உங்களுக்கு அல்ல. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்குத் தருகிற மாதச் சம்பளம் திட்டச் செலவு. வாடகை, கரண்ட், ஆடிட் கட்டணம் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். பூஜ்யம் என்று பார்த்ததும் எனக்கு வருகிற முதல் சந்தேகம், அந்தச் செலவை வேறு எந்தத் தலைப்பில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

வடசென்னை_டீச்சர்

நான் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. அரசு ஏற்கெனவே தருவதை நீங்கள் தருவதாக எழுதாதீர்கள். 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்துவிட்டது. வளரிளம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை உண்டு. பள்ளியை விட்ட பெண்ணுக்கு அது அங்கன்வாடி வழியாக வர வேண்டும். ஆனால் அவள் எங்கே அங்கன்வாடிக்குப் போகிறாள்? பள்ளியை விட்டதும் மாத்திரையும் நிற்கிறது, ரத்தம் பார்ப்பதும் நிற்கிறது. உங்கள் கல்வி வேலையும் சுகாதார வேலையும் சேர்கிற இடம் இதுதான் தம்பி, தனித்தனி அத்தியாயமாக எழுதத் தேவையே இல்லை. நின்ற பெண்களைத் திரும்பச் சேர்ப்பது, சேரும்வரை மாத்திரையும் பரிசோதனையும் அவர்களுக்குக் கிடைக்க வழி செய்வது. பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆளுக்கொரு கடிதம் வாங்குங்கள்.

மாலைவகுப்பு_பெரும்பாக்கம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று பிளாக் முடித்தோம், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். பள்ளியை விட்ட பெண் பிள்ளைகள் 19 பேர். எங்களுக்குத் தெரிந்தது ஏழு பேர்தான், நாங்கள் இங்கேயே இருக்கிறோம், எதிர் பிளாக்கில் இருந்தவர்களைத் தெரியவில்லை. 19 பேரில் இந்த வருடம் ரத்தம் பார்த்தது இரண்டு பேர், அதில் ஒருத்தி எங்கள் பெண். அவளுக்கு இப்போது ஹீமோகுளோபின் 9.4.

மனு நான்கு பக்கமாகிவிட்டது. கேட்பது 6 லட்சத்து 40 ஆயிரம். முதல் வரி: "பெரும்பாக்கத்தில் மூன்று பிளாக்கில் 19 பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை." ஆடிட்டர் 10ஏபி போடுகிறார், நல்லவேளை தேதி தாண்டவில்லை. தலைமை ஆசிரியர் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் என்ன எழுதுவது என்று எங்களையே கேட்கிறார்.

வடசென்னை_டீச்சர்

எத்தனை பேரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தயார், எந்த வகுப்பில், அந்த இரண்டு மட்டும் இருந்தால் போதும். எங்களுக்கு ஒரு தலைமை ஆசிரியர் தந்த கடிதம் இருக்கிறது, பெயரை மறைத்து அனுப்புகிறேன். 19 பேரில் பத்தாவது எழுத வேண்டிய வயதில் இருப்பவர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவர்களைத் தனித்தேர்வராக எழுத வைக்கலாம், அந்த விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி உண்டு.