வானிலை மாதிரிகளைக் குறைத்தால் எதிர்வுகூறல் திருந்துமா?

வடமராட்சிக் கமக்காரன்:
வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால், வெங்காயம் நடுவதற்கு முன் வானிலையைக் கணினியில் கணிக்கும் இரண்டு மூன்று மாதிரிகளை நான் பார்ப்பதுண்டு. அமெரிக்காவின் உலகளாவிய மாதிரியான ஜிஎஃப்எஸ் ஒரு பாதையைக் காட்டும், ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி வேறொன்றைக் காட்டும். அமெரிக்க தேசிய வானிலைச் சேவை தன் மாதிரிகளை ஒரே அமைப்பாக இணைத்துக் குறைத்து வருகிறது என்று அறிந்தேன். பல கருத்துகள் இருப்பது நன்மையல்லவா?

தொண்டைமானாற்றான்:
ஐயா, அவர்கள் குறைப்பது கருத்துகளை அல்ல, பராமரிக்க வேண்டிய கணினி நிரல்களை. உலகம் முழுவதற்கும் ஒன்று, வட அமெரிக்காவுக்கு வேறு சில, சூறாவளிக்கு இரண்டு என்று தனித்தனிக் குழுக்கள் வளர்த்தெடுத்ததால், ஒன்றில் மழைமுகிலைக் கணிக்கும் பகுதியைத் திருத்தினாலும் அந்தத் திருத்தம் மற்றவற்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. இதை எளிமையாக்குமாறு 2015இல் ஆலோசனைக் குழுவொன்று வலியுறுத்தியது. 2016இல் எஃப்வி3 என்ற கணிப்புக் கரு, அதாவது வளியின் அசைவைக் கணக்கிடும் மையப் பகுதி, தெரிவு செய்யப்பட்டு, 2019 ஜூன் மாதம் ஜிஎஃப்எஸ் அதற்கு மாறியது. 2021இல் அதன் வளிமண்டல அடுக்குகள் 64இலிருந்து 127 ஆகி, கடலலை மாதிரியும் அதனுடன் இணைக்கப்பட்டது. நீங்கள் கேட்கும் பல கருத்துகள் குழும எதிர்வுகூறலில் கிடைக்கின்றன: ஒரே மாதிரியைச் சற்றே மாறுபட்ட 31 தொடக்க நிலைகளிலிருந்து ஓட்டி, அவை எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கிறார்கள்.

தீவகத்தவர்:
முழுவதும் உடன்பட முடியவில்லை. கரு ஒன்றென்றால் அதன் குறையும் 31 கணிப்புகளுக்கும் பொதுவாகிவிடும். அமெரிக்காவிலேயே எஃப்வி3 இடிமுகில்களை மிகையாகக் காட்டியதால், குறுங்கால மழைக்கான அமைப்பின் அடுத்த பதிப்புக்கு எம்பாஸ் என்ற வேறு கருவை நாடியிருக்கிறார்கள். எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிஎஃப்எஸ் பூமியைக் கட்டங்களாகப் பிரித்தே கணிக்கிறது; கட்டமொன்று ஏறக்குறைய 13 கிலோமீற்றர் அகலமானது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் அத்தகைய சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். பருத்தித்துறையில் கொட்டும் மழையையும் ஊர்காவற்றுறையின் வெயிலையும் அதனால் நம்பகமாகப் பிரித்துக் காட்டுவது கடினம். மழைக்கான நுண்ணிய மாதிரிகளை அவர்கள் பெரும்பாலும் தம் நாட்டுக்கே ஓட்டுகிறார்கள்.

தொண்டைமானாற்றான்:
பொதுக் குறை பற்றிய உங்கள் கருத்து சரி. ஆகவேதான் வேர் வேறான மாதிரிகளை ஒப்பிட வேண்டும் என்கிறேன். இந்தியாவின் நடுத்தரக் கால எதிர்வுகூறல் மையம் ஓட்டும் மாதிரி, பிரித்தானியா 1991 முதல் பயன்படுத்திவரும் ஒருங்கிணைந்த மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. அவை இரண்டும் ஒரே பாதையைக் காட்டினால் அதை இரண்டு சாட்சியாக எண்ணக் கூடாது. அவற்றுள் ஒன்றும் ஜிஎஃப்எஸ்ஸும் ஐரோப்பிய மாதிரியும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். ஆயினும் நடுகையைத் தள்ளிப்போடும் முன் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள்.