மறு: கேட்டமரனுக்குத் தமிழ் என்ன?

> கட்டுமரம்தானே ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரன் ஆனது? திரும்பவும் கட்டுமரம் என்றே எழுதிவிடலாமே.

ஐயா, ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இரண்டு கூடு (படகின் உடல், hull) கொண்ட இன்றைய கேட்டமரனுக்கு அந்தப் பெயர் பாம்பனில் எடுபடாது.

இங்கே கட்டுமரம் என்றால் சில கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. கரையேறியதும் கட்டவிழ்த்துக் காயப்போடுவார்கள். உள்ளே குழிவு கிடையாது. கட்டைகளின் இடுக்கு வழியே தண்ணீர் ஏறும், இறங்கும். மூழ்காது, ஆனால் உட்கார்ந்திருப்பவர் உடுப்பும் காயாது. சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்த ஆங்கிலேயக் கடலோடி டாம்பியர், 1697-இல் வெளிவந்த பயண நூலில் பெயரோடு எழுதிவைத்தார். பசிபிக் தீவுகளின் ஜோடித் தோணிகளுக்கும் பிற்பாடு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1876-இல் அமெரிக்காவில் படகு வடிவமைப்பாளர் ஹெரெஷாஃப் கட்டி, பந்தயத்தில் ஜெயித்த அமரிலிஸும் அப்படித்தான், இரண்டு கூடுகளை மேல்தளம் இணைக்கும் படகு. இப்போது நாம் பெயர் தேடுவது அதற்கு. (சுருட்டும் அணைக்கட்டும் ஆங்கிலத்தில் செரூட், அனிக்கட் ஆயின. பொருள் மாறவில்லை, தொல்லையும் இல்லை.)

அடுத்தது இரட்டைப்படகு. ஒரு பயிற்சிக் கையேட்டில் நானே இப்படி எழுதிவிட்டேன். நாட்டுப்படகுக்காரர் ஒருவர் வாசித்துவிட்டு, "இரட்டை மடிக்கா பயிற்சி குடுக்கிறீக?" என்று கேட்டார். இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுப்பதுதான் இரட்டை மடி. தடை செய்யப்பட்ட முறை. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தீராத வயிற்றெரிச்சல். இரட்டையும் படகும் அடுத்தடுத்து வந்தால் இந்தக் கரையில் நினைப்பு அங்கேதான் போகும்.

அப்புறம், படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். மேல்தளத்தை அவர் பார்க்கவே இல்லை. விரலால் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கி, "ரெண்டு ஏரா வச்சிருக்காக" என்றார். படகின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்புக் கட்டைதான் ஏரா. அகராதியிலும் உண்டு.

ஆகவே என் முன்மொழிவு: ஈரேராப் படகு. மூன்று கூடுள்ள டிரைமரன் வந்தால் மூவேரா.

---

இதற்கு வந்த பதில்: அண்ணே, ஏரா சரி. ஈரேரா வேண்டாம், ஏப்பம் விடுவது போல் இருக்கிறது. ஆசாரி வாயில் வந்தபடி 'ரெண்டு ஏரா' என்றே போடுங்கள். ஆனால் ஒன்று: ஃபைபரில் வார்த்த படகில் ஏராக் கட்டை எங்கே இருக்கிறது? அதையும் அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.