வால்வு மைக்: கேப்சூல் மாட்டினதும் படபட சத்தம், அவசரம்

முத்தியால்பேட்டை_மைக்:
வால்வு (பழைய ரேடியோவுல வர்ற கண்ணாடிக் குழாய்) போட்ட மைக் கட்டி முடிச்சேன். கேப்சூல், அதான் குரலைப் பிடிக்கிற மெல்லிய படலம் இருக்கிற வட்டு, அதை மாட்டுற வரைக்கும் சத்தமே இல்ல. மாட்டினதும் சோளம் பொரியுற மாதிரி படபடன்னு வருது, பேச்சும் சன்னமா கேக்குது. கேப்சூல் முனையில மீட்டர் வச்சா 0.6 வோல்ட்தான். சப்ளை போச்சா? ஞாயித்துக்கிழமை தங்கச்சி பாட்டு பதியணும், ப்ளீஸ்.

கெடிலக்கரை:
என்ன வால்வு, என்ன கேப்சூல், கேப்சூலைப் பிடிச்சு நிக்கிற தாங்கி எதுல செஞ்சீங்க? ஒண்ணுமே சொல்லலையேங்க.

வில்லியனூர்_ஆடியோ:
வால்வுதான். பழைய சரக்குல பாதி இரைச்சல். மாத்துங்க.

பழைய_ரேடியோ:
கேப்சூல் இல்லாதப்ப சத்தம் இல்லன்னு எழுதியிருக்கார். படிச்சுட்டு பதில் போடுங்க.
தம்பி, அடிப்படை தெரியாம மைக்ல கை வைக்கக் கூடாது. கேப்சூலுக்கு 60 வோல்ட், 1 கிகா ஓம் (நூறு கோடி ஓம்) ரெசிஸ்டர் வழியா வருது. உங்க மீட்டரோட உள்தடை 10 மெகா ஓம். அந்தக் கணக்குக்கு 0.59 வோல்ட்தான் காட்டும். ரெசிஸ்டருக்கு முன்னாடி அளங்க.

முத்தியால்பேட்டை_மைக்:
முன்னாடி 60 இருக்கு அண்ணே! வால்வு ஈஎஃப்86. கேப்சூல் 34 மிமீ. தாங்கி பழைய சுவிட்ச் போர்டு பேக்லைட்ல அறுத்தது. மத்தியானம் பரவால்ல, ராத்திரிதான் ஜாஸ்தி.

கெடிலக்கரை:
அதேதான். அந்த ஷீட் காகிதமும் பிசினும் சேர்ந்தது, ஈரத்தை இழுக்கும். ராத்திரி ஈரம் ஏறினதும் தாங்கி வழியா மின்சாரம் கசியுது. கசிவு 1 கிகா ஓம் அளவு இருந்தாலே 60ல பாதி போயிடும், அதான் பேச்சும் சன்னம். நான் கடலூர் ஓல்டு டவுன், என் முதல் மைக்கும் இப்படியேதான் பொரிஞ்சுது.
லேத் பட்டறையில டெஃப்ளான் ராடு துண்டு கேளுங்க. அறுத்ததும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைங்க, அப்புறம் விரல் படக் கூடாது. வயரை முதல்ல சின்ன உலோக வளையத்துல சால்டர் பண்ணிட்டு (ஈயத்தை உருக்கி ஒட்டிட்டு), ஆறினதும் கேப்சூல்ல திருகுங்க. கேப்சூல் மேல சால்டர் பண்ணினா ஃப்ளக்ஸ் (சால்டரோட உருகுற பிசின்) தெறிச்சு படலம் வீணாயிடும். ஸ்க்ரூடிரைவரை ரெண்டு விரல்ல பிடிங்க, திருகு நின்ன இடத்துல விட்டுடுங்க. முக்கியமா, ஆஃப் பண்ணினாலும் சப்ளை கண்டென்சர்ல கரண்ட் நிக்கும், இறக்கிட்டுத்தான் தொடணும்.

வில்லியனூர்_ஆடியோ:
இவ்வளவு பாடு எதுக்கு? வால்வுக்குப் பதிலா ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) போட்டா, வால்வைச் சூடாக்குற ஹீட்டரே வேண்டாம்.

பழைய_ரேடியோ:
ஜேஃபெட் போட்டாலும் அதே கிகா ஓம், அதே கசிவு. இதுகூடத் தெரியலையா?

வில்லியனூர்_ஆடியோ:
நாய்மன்னு ஜெர்மன் மைக் கம்பெனி, அவங்க 1960ல விட்ட யூ67 மைக்ல ஈஎஃப்86 வால்வு. 1967ல யூ87ல ஃபெட். அவங்களே மாறிட்டாங்களே.

பழைய_ரேடியோ:
மாறினாங்க. யூ67 சத்தத்துக்கு இன்னைக்கும் ஆளுங்க அலையுறாங்களே, அது ஏன்?

கெடிலக்கரை:
ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்குங்க. பையன் ஞாயித்துக்கிழமை பதியணும்.

வில்லியனூர்_ஆடியோ:
சரி. தாங்கிக்கு அடியில ரப்பர் வாஷர் போடுங்க தம்பி, மேசை அதிர்ச்சி ஏறாது.

முத்தியால்பேட்டை_மைக்:
டெஃப்ளான் போட்டாச்சு. நேத்து ராத்திரி மழையிலயும் படபட இல்ல. லேசா ஹம் (ம்ம்னு இரைச்சல்) இருக்கு, அப்புறம் பாக்கறேன். தங்கச்சி வந்துட்டா.