மறுமொழி: ‘தொடர்பாடல் நினைவு’ வேண்டாமே

> ஜெர்மானிய ஆய்வாளர் யான் அஸ்மன் (Jan Assmann) ஒரு சமூகத்தின் கூட்டு நினைவை இரண்டாகப் பிரிக்கிறார். பேச்சில் உலவி 80, 100 ஆண்டுகளில் மங்கிவிடுவது ஒன்று. சடங்கு, நூல், சின்னம் என்று ஏற்றிவைத்துக் காப்பது மற்றொன்று. முன்னதைத் ‘தொடர்பாடல் நினைவு’, பின்னதைப் ‘பண்பாட்டு நினைவு’ எனலாமா?

ஐயா, வணக்கம். அகராதிக்காக நீங்கள் கேட்ட சொற்களைப் பற்றி.

பின்னது இருக்கட்டும். முன்னதைப் படித்ததும் எனக்கு செல்போன் டவர்தான் கண்ணில் தெரிகிறது.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடியது. அங்கே வேலை பார்த்த என் பெரியப்பா இன்னும், “முதல் சங்குக்கு எழுந்தா ரெண்டாம் சங்குக்குள்ள கேட்டுல நிக்கணும்” என்பார். அந்தச் சங்கைக் கேட்டே இராத அவர் பேரன், பள்ளிக்குத் தாமதமாகும் தம்பியை “ரெண்டாம் சங்கு ஊதிட்டான்டா” என்று விரட்டுகிறான். புழங்குகிற பாத்திரம் என்கிறோமே, பரணில் ஏறாமல் கைமாறிக்கொண்டே இருப்பது, அதுதான் இது. ஆகவே ‘புழங்கு நினைவு’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. புழங்கியது, புழங்குவது, புழங்கப்போவது மூன்றும் அடங்கிவிடும்.

‘தலைமுறை நினைவு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது பெயரிலேயே காலத்தைக் கட்டிவிடுகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமேல் குண்டு வீசியது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டு உண்டு. நின்று படிப்பவரை நான் பார்த்ததில்லை. ராயபுரத்தில் “அவன் பெரிய எம்டன்” என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். நூறு ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டது.

---

> ஆகவே ‘புழங்கு நினைவு’

சொல் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். வால்டாக்ஸ் ரோடு என்று தினமும் சொல்கிறோம், ஷேர் ஆட்டோக்காரரும் கூவுகிறார். 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய மதிலின் செலவுக்கு யோசித்த வரி அது என்று யாருக்கு ஞாபகம்? புழக்கம் இருக்கிறது, நினைவைக் காணோமே. உங்கள் எம்டனும் அப்படித்தானே?

---

நல்ல பிடி. வால்டாக்ஸ் வெறும் பெயர், அதை நினைவில் சேர்க்க மாட்டேன். எம்டனில் கொஞ்சம் மிரட்சியாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வாதாடலாம்தான், ஆனால் அந்தச் சொல்லைச் சொல்பவர்களில் பாதிப்பேருக்குக் கப்பல் தெரியாது. அப்புறம் சண்டை எதற்கு? அகராதிப் பதிவில் எம்டனை எடுத்துவிட்டு மில் சங்கைப் போடுங்கள். சொல் மட்டும் ‘புழங்கு நினைவு’ என்றே இருக்கட்டும். நடுவில் ஒற்று சேர்த்துவிடாதீர்கள்.