செவிலியர்களுக்கான குழு ஆலோசனை: ஏன் யாரும் பேசவில்லை?

கேள்வி:
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் நோக்கில், வாரந்தோறும் குழு ஆலோசனை தொடங்கியுள்ளோம். முதல் அமர்வில் அனைவரும் கைகட்டி அமர்ந்திருந்தார்களே தவிர, எவரும் வாய் திறக்கவில்லை. மேற்பார்வையாளரான நான் உடனிருந்தது தவறா?

பதில் 1:
ஆம். விடுப்புக்கும் பணிப்பட்டியலுக்கும் கையெழுத்திடுபவர் எதிரில் "என்னால் முடியவில்லை" என்று யார் சொல்வார்கள்? பயிற்சி பெற்ற வெளி ஆலோசகர் நடத்தட்டும். குழு சிறியதாக இருக்கட்டும். அங்கே பேசப்படுவது அறையைத் தாண்டாது என்பதை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
இத்தகைய குழுவில் நான் இருந்திருக்கிறேன். மூன்றாவது வாரத்தில்தான் ஒரு சக செவிலியர், நோயாளி இறந்த அரை மணி நேரத்தில் அதே கட்டிலுக்கு விரிப்பை மாற்றி அடுத்தவரைச் சேர்க்க நேர்ந்ததையும், கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் போனதையும் சொன்னார். சற்று நேரம் அமைதி. பிறகு, "வீட்டுக்குப் போன பிறகும் மருந்தளவு சரிதானா என்று வார்டுக்குத் தொலைபேசியில் கேட்பேன்" என்றார் இன்னொருவர். நான் மட்டும்தான் அப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பதில் 3:
உலக சுகாதார நிறுவனம் 2019-இல், பணிச்சோர்வை நோயாக அல்லாமல், முறையாகக் கையாளப்படாத நாட்பட்ட பணி அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. எனவே, ஆள் பற்றாக்குறையையும் தொடர் இரவுப் பணியையும் அப்படியே வைத்துக்கொண்டு ஆலோசனை மட்டும் நடத்தினால், செவிலியர்கள் அதைக் கண்துடைப்பாகவே பார்ப்பார்கள். அமர்வு நேரத்தையாவது பணி நேரத்தில் சேருங்கள். இரவுப் பணி முடித்தவரைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
அடுத்த அமர்வுக்கு நான் செல்லப்போவதில்லை. பணி நேரம் குறித்து நிர்வாகத்திடம் பேசுகிறேன்.