கார்க் கதவின் ‘றெகுலேற்றர்’: ‘ஒழுங்காக்கி’ பொருந்துமா?

அன்புடையீர்,

காரின் மின்யன்னல் (ஆளியை, அதாவது சுவிச்சை, அழுத்தினால் ஏறியிறங்கும் கண்ணாடி) பற்றி நாம் எழுதும் பழுதுபார்ப்புக் குறிப்புக்கான சொற்பட்டியலில் ‘றெகுலேற்றர்’ (regulator) என்பதற்கு ‘ஒழுங்காக்கி’ என்று இடப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. கதவுக்குள் இருக்கும் அந்தப் பொறி எதையும் ஒழுங்காக்குவதில்லை. மோட்டர் சுழற்றும் சிறு பற்சில்லிலிருந்து விசையை வாங்கி, கத்தரிக்கோல்போல் விரியும் புயங்களால் கண்ணாடியை ஏற்றுகிறது, இறக்குகிறது, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தில் நானே அகப்பட்டிருக்கிறேன். 1960களில் வெளிவந்த, துணிக்கூரையை மடித்துவிடக்கூடிய அமெரிக்கக் கார் ஒன்றின் இடப்பக்கக் கண்ணாடி பாதியில் நின்றபோது, கொழும்பில் கார் உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடையொன்றில் “றெகுலேற்றர் வேண்டும்” என்றேன். கடைக்காரர் எடுத்து வைத்தது, மின்பிறப்பாக்கியின் வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் கறுப்புப் பெட்டி. அவர்மேல் பிழையில்லை. அக்காலக் கார்களில் அது பெரும்பாலும் எஞ்சின் மூடியின் கீழே தனிப் பெட்டியாகவே பொருத்தப்பட்டிருந்தது. ‘ஒழுங்காக்கி’ என்ற பெயருக்கு உரித்துடையதும் அதுவே.

பழுதைத் தேடும் ஒழுங்கைப் பார்த்தால் இது வெறும் சொற்சண்டை அல்ல என்பது விளங்கும். ஆளியை அழுத்தியபடி மோட்டரின் இணைப்பில் அளக்கும்போது 8 அல்லது 9 வோல்ற்று மட்டுமே வந்தால், ஆளியின் கருகிய தொடுகைகளையும், பிணைச்சலருகே மடிந்து மடிந்து நைந்த வயரையும், புவித்தொடுப்பையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 12 வோல்ற்று வந்தும் கண்ணாடி அசையாவிட்டால், குற்றம் மோட்டரிலா, இறுகிய கிறீசும் தேய்ந்த உருளைகளும் கொண்ட பொறியிலா என்பதை அறிய மோட்டரைக் கழற்ற நேரிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கண்ணாடியின் பாரத்தைச் சமன்செய்ய இறுக்கிச் சுருட்டிய வில் பல பொறிகளில் உண்டு; புயத்தோடு இணைந்த ஆரைச்சிறை (விசிறி) வடிவப் பற்சில்லைப் பின்தகட்டோடு ஒரு போல்ற்றால் முதலில் பூட்டாமல் மோட்டரை எடுத்தால், புயம் வீசியடித்து விரலை நசுக்கிவிடும். “முதலில் ஒழுங்காக்கியைப் பூட்டுக” என்று நாம் எழுதினால், படிப்பவர் எஞ்சின் மூடியைத் திறந்து தேடமாட்டாரா?

‘ஒழுங்காக்கி’க்குப் பதிலாக ‘கண்ணாடித் தூக்கி’ எனலாம் என்ற மாற்று யோசனை காதுக்கு இனியது. ஆனால் மாடிக் கட்டடங்களின் மின்தூக்கி உடனே நினைவுக்கு வருகிறது, இறக்கும் வேலையும் விடுபட்டுப்போகிறது. கதவில் மேற்சட்டம் இல்லாத இத்தகைய கார்களில் கண்ணாடி சரியான உயரத்தில் போய் நிற்பதும் இந்தப் பொறி ஏற்றி இறக்குவதைப் பொறுத்தது: அரை விரற்கடை தாழ்ந்து நின்றாலும், கொழும்பு மழையில் ஓட்டுபவரின் தோளில் தண்ணீர் சொட்டும்.

ஆகவே ‘கண்ணாடி ஏற்றிறக்கி’ என்பதை முன்மொழிகிறேன். ‘ஏற்றிறக்கி’ என்று தனியே விட்டால் துறைமுகத்தில் வேலைசெய்பவர்கள் சரக்குப் பொறி என்று நினைக்கக்கூடும் என்பதால், முதன்முறை எழுதும்போது ‘கண்ணாடி’ என்ற அடையை விடாதிருப்பது நல்லது. மோட்டரை மோட்டர் என்றே விட்டுவிடலாம்.